மரபணுவின் வாயை அடைக்கும் புரதங்கள்

வேலூர் காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அவ்வளவு பேர். அவர்களில் தலசீமியா உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரத்தநோய்ப் பிரிவுக்கு வரும் பெற்றோரும் உண்டு. தலசீமியா மேஜர் என்பது ஹீமோகுளோபினைச் சரியாகச் செய்ய முடியாத பிறவிக் கோளாறு. இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்தப் பெற்றோர் எந்த ஊராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: பிறந்தபோது பிள்ளை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது, ஆறேழு மாதம் கழித்துத்தான் வெளுக்க ஆரம்பித்தது.

பிறவிக் கோளாறு என்றால் பிறக்கும்போதே தெரிய வேண்டாமா? அந்த ஆறு மாதம் பிள்ளையைக் காப்பாற்றியது எது?

கருவில் இருக்கும்போது நம் சிவப்பணுக்களில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என்று நான்கு புரதச் சங்கிலிகள் உண்டு. கருவிலிருக்கும் சிசுவுக்குப் பீட்டா இருக்கவேண்டிய இடத்தில் காமா என்ற சங்கிலி. காமா உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் சிசுவின் பக்கம் வந்து சேர்வதற்கு அது உதவுகிறது. பிறந்த பிறகு காமா இறங்க இறங்க, பீட்டா ஏறுகிறது. ஒன்றிரண்டு வயதுக்குள் சிசு ஹீமோகுளோபின் பெரும்பாலோருக்கு 1 சதவீத அளவுக்கு வந்துவிடும்.

பீட்டா தலசீமியாவில் பழுது இருப்பது பீட்டா மரபணுவில். காமா வேலை செய்யும்வரை அந்தப் பழுது வெளியே தெரியாது. காமா நின்றதும் தெரிந்துவிடும். பீட்டா மரபணுப் பழுதால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அரிவாள் செல் நோயிலும் இதே கதைதான். நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன், அந்த நோயின் மரபணு உள்ள தாய்மார்களின் பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, சிசு ஹீமோகுளோபின்தான் இவர்களைக் காக்கிறது என்று 1948-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காமா மரபணுவை நிறுத்துவது யார் என்று கண்டுபிடிக்க இன்னும் 60 வருடம் ஆனது.

அதற்குப் போகும் முன் ஓர் அடிப்படை விஷயம். நம் உடம்பின் எல்லாச் செல்களிலும் கிட்டத்தட்ட ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. மூளைச் செல்லிலும் அதே 20,000, கல்லீரல் செல்லிலும் அதே 20,000. செடிகளிலும் இப்படித்தான். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பில் குத்தும் முள், ஊதாத் தோல், உள்ளே இருக்கும் வெளிர் சதை மூன்றிலும் ஒரே டி.என்.ஏ. தோலில் நிறம் செய்யும் மரபணுக்கள் வேலை செய்கின்றன, சதையில் அவை அடங்கியிருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிப் பாடத்தில் இந்த இடத்தில், “தேவையான மரபணுக்கள் மட்டும் செயல்படுகின்றன” என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது. செயல்படாத மீதி மரபணுக்கள் தாமாகவே சும்மா இருப்பது போன்ற எண்ணத்தை அந்த வரி தந்துவிடுகிறது. உண்மையில், மௌனமாக இருக்கும் பல மரபணுக்களை மௌனமாக வைத்திருப்பதே செல்லுக்கு ஓயாத வேலை.

வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் தெரியும்தானே. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே பூஜை கிடையாது. ஆயுதக் கிடங்காகக்கூட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் கோபுரமும் கல்யாண மண்டபத்துச் சிற்பத் தூண்களும் அப்படியே நின்றன. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகு வழிபாடு மறுபடி தொடங்கியது. மௌனமான மரபணுவும் அப்படித்தான்: அழியவில்லை, எழுத்து மாறவில்லை, வேலை மட்டும் இல்லை. ஐம்பது வயதுக்காரரின் எலும்பு மஜ்ஜையிலும் காமா மரபணு முழுசாகவே இருக்கிறது. இந்த ஒப்புமை அதற்கு மேல் ஓடாது. கோயில் வெறுமையாக இருந்ததற்கு அன்றாடம் யாரும் பாடுபட வேண்டியதில்லை. மரபணு அப்படியில்லை. அதன் பக்கத்தில் புரதங்கள் காவல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காவல் போனால் பல மரபணுக்கள் மறுபடி பேச ஆரம்பித்துவிடும்.

அந்தக் காவலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டெட்டாகச் சேர்ந்து ஒரு உருளை போல நிற்க, ஒவ்வொரு உருளையையும் 147 எழுத்து (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றிக்கொள்கிறது. ஹிஸ்டோன்களின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஒட்டுகின்றன. அசிட்டைல் குறி ஒட்டினால் சுற்று தளரும். மரபணுவைப் படிக்கும் இயந்திரம் உள்ளே நுழைய வசதியாகிவிடும். அசிட்டைலை உரித்துவிட்டால் சுற்று இறுகும். மெத்தில் குறிகளில் சில, “இங்கே படிக்காதே” என்பதற்கு அடையாளம்.

காமா மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உண்மையில் இரண்டு காமா மரபணுக்கள் அடுத்தடுத்து, கொஞ்சம் தள்ளிப் பீட்டா. காமா மரபணு படிக்கப்படத் தொடங்கும் இடத்திலிருந்து 115 எழுத்து முன்னால் டி, ஜி, ஏ, சி, சி, ஏ என்று ஆறு எழுத்து வருகிறது. இந்த ஆறெழுத்தைத் தேடிப் பிடிக்கும் புரதத்தின் பெயர் பி.சி.எல்.11ஏ. துத்தநாக அணு ஒன்றை நடுவில் வைத்து விரல் போல மடிந்த பகுதிகள் அதில் உண்டு. அந்த விரல்களால்தான் அது டி.என்.ஏ.வைத் தடவி, சரியான எழுத்து வரும் இடத்தில் பிடித்துக்கொள்கிறது.

பிடித்துக்கொள்வதோடு வேலை முடியவில்லை. பி.சி.எல்.11ஏ தனியாளாக எதையும் அடக்கிவிடாது. நூர்டு என்ற பெரிய புரதக் கூட்டத்தை அது அந்த இடத்துக்கு அழைத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தில் அசிட்டைல் குறியை உரிக்கும் புரதம் உண்டு. ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்தி இறுக்கும் புரதமும் உண்டு. ஆக, இடத்தைக் கண்டுபிடிப்பது ஒருவர், வாயை அடைப்பது வேறு சிலர். மரபணுவை மௌனமாக்கும் பெரும்பாலான ஏற்பாடுகளில் இந்த வேலைப் பிரிவினை இருக்கும். இடம் பார்க்கும் புரதம் செல்லுக்குச் செல் மாறும். அடைக்கும் கூட்டம் பெரும்பாலும் பொது.

இதை நிறுவியது போஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகம். விஜய் சங்கரன் முன்னின்று செய்த அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. தொடக்கத்துக்கு உதவியது சாதாரண மனிதர்களின் ரத்தம். வயது வந்த பிறகும் சிலருக்குச் சிசு ஹீமோகுளோபின் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அவர்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தால், வித்தியாசம் காமா மரபணு இருக்கும் 11-ஆம் குரோமோசோமில் மட்டும் இல்லை. 2-ஆம் குரோமோசோமில், பி.சி.எல்.11ஏ இருக்கும் இடத்திலும் இருந்தது. அதுவரை அந்தப் புரதத்தை வெள்ளணுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள்தான் அறிந்திருந்தார்கள். செல்களில் அதைக் குறைத்துப் பார்த்தார்கள், காமா ஏறியது.

இன்னொரு சாட்சியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சில குடும்பங்களில் காமா மரபணுவுக்கு முன்னால் இருக்கும் அந்த ஆறெழுத்திலேயே ஒரு எழுத்து பிறவியிலேயே மாறியிருக்கிறது. பி.சி.எல்.11ஏ வந்து தடவும், பிடிகிடைக்காது. அவர்களுக்குச் சிசு ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுக்க ஓடுகிறது. நோய் நொடி எதுவும் அதனால் இல்லை. அப்படிப்பட்டவருக்கு அரிவாள் செல் மரபணுவும் சேர்ந்து வந்தால்கூட நோய் பெரிதாகப் படுத்துவதில்லை. இயற்கை முன்பே செய்து பார்த்துவிட்ட பரிசோதனை.

சரி, ரத்தத்தை விட்டு மற்றச் செல்களுக்கு வருவோம்.

நரம்புச் செல்லுக்கு மட்டும் தேவையான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மின்சமிக்ஞை அனுப்பும் வாயில்கள், பக்கத்துச் செல்லோடு பேசும் வேதிப்பொருள்கள் போன்றவற்றைச் செய்பவை. கல்லீரலிலோ தோலிலோ இவை ஓடினால் குழப்பம்தான். 1995-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே புரதத்தைக் கண்டுபிடித்தன. ரெஸ்ட் என்று அதற்குப் பெயர். நரம்பு மரபணுக்கள் பலவற்றின் அருகில் 21 எழுத்து நீளமுள்ள ஒரு தொடர் இருக்கிறது. ரெஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டு, அசிட்டைலை உரிப்பவர்களைத் தன் இரு முனைகளிலும் சேர்த்துக்கொள்கிறது. நரம்பு அல்லாத செல்களில் ரெஸ்ட் நிறைய இருக்கும். கருவில் ஒரு செல் நரம்பாக மாறத் தொடங்கும்போது ரெஸ்ட் குறைகிறது, அதுவரை அடங்கிக் கிடந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதோடு, இருந்த தடையை விலக்கினால்தான் நரம்புச் செல் கிடைக்கும் என்பது இதன் சுவாரசியம்.

ரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் வேறொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும்: பாலிகோம்ப். இதன் கதை பழ ஈயில் தொடங்குகிறது. ஆண் ஈயின் முன்னங்கால்களில் மட்டும் சீப்பு மாதிரி முடி வரிசை இருக்கும். 1940-களில் பமீலா லூயிஸ் கண்ட ஒரு ஈ வகையில் அந்தச் சீப்பு மற்றக் கால்களிலும் முளைத்திருந்தது. எந்தக் காலில் எது வரவேண்டும் என்று அடக்கி வைக்கும் புரதம் பழுதானதால் வந்த வினை. அவருடைய கணவர் எட்வர்ட் லூயிஸ் 1978-ல் இதை விளக்கினார். ஈயின் உடல் பகுதிகளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1995-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே புரதங்கள் நம்மிடமும் இருக்கின்றன.

பாலிகோம்பின் சாமர்த்தியம் நினைவாற்றலில் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது, ஹிஸ்டோன்கள் இரண்டு பக்கமும் பங்கு பிரிகின்றன. பழைய ஹிஸ்டோன்களில் மெத்தில் குறி இருக்கும், புதிதாக வந்து சேர்ந்தவற்றில் இருக்காது. பாலிகோம்ப் கூட்டத்தில் ஈ.ஈ.டி. என்ற புரதம் பழைய குறியைப் படிக்கிறது. படித்த உடனே, அதன் தோழன் ஈ.இசட்.எச்.2 பக்கத்துப் புது ஹிஸ்டோனில் அதே குறியை எழுதிவிடுகிறது. இப்படிப் படித்துப் படித்து எழுதுவதால் தாய்ச் செல்லின் மௌனம் மகள் செல்களுக்கும் வந்துவிடுகிறது. தோல் செல் பிரிந்தால் தோல் செல்லே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தத்துக்கே திரும்பலாம், ஏனென்றால் சிக்கலான இடம் இனிமேல்தான்.

பி.சி.எல்.11ஏ-யை அடக்கிவிட்டால் காமா திரும்பும், தலசீமியா தீரும். அப்படியானால் அதை உடம்பு முழுக்க அழித்துவிட வேண்டியதுதானே? முடியாது. அந்தப் புரதம் காமாவுக்காக மட்டும் இருக்கவில்லை. எதிர்ப்பணு செய்யும் பி செல்கள் உருவாக அது வேண்டும். அது இல்லாத சுண்டெலிகளில் பி செல்களே உருவாவதில்லை, பிறந்த கொஞ்ச நேரத்தில் அவை இறந்தும்விடுகின்றன. மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதான மனிதர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வருகிறது. கூடவே சிசு ஹீமோகுளோபினும் உயர்ந்தே இருக்கிறது. எல்லா ரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் ரத்த ஸ்டெம் செல்களுக்கும் அது தேவை. ஒரே காவல்காரன், செல்லுக்குச் செல் வேறு வேறு மரபணுவைக் காக்கிறான். ஓர் இடத்தில் மட்டும் அவனை விலக்க வேண்டும். எப்படி?

விடை அந்தக் காவல்காரனின் சொந்த மரபணுவுக்குள் இருந்தது. பி.சி.எல்.11ஏ மரபணுவின் நடுவே, தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 60,000 எழுத்து தள்ளி, புரதத்துக்கான தகவல் எதுவும் இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. சிவப்பணுவாகப் போகும் செல்களில் மட்டும் அந்தப் பகுதி பி.சி.எல்.11ஏ உற்பத்தியை உசுப்பிவிடுகிறது. ஏனென்றால் அதன் மேல் வந்து உட்காரும் காட்டா1 என்ற புரதம் அந்த வழிச் செல்களில்தான் ஏராளமாக இருக்கிறது. பி செல்லும் மூளைச் செல்லும் இந்தப் பகுதியை நம்பியில்லை. 2013-ல் இது தெளிவானது. இந்த ஒரு பகுதியைக் கெடுத்தால் சிவப்பணு வழியில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறையும், மற்ற இடங்களில் அது பாட்டுக்கு இருக்கும்.

டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பரை வைத்துச் செய்யும் சிகிச்சையில் நடப்பது அதுதான். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்தப் பகுதியில் காட்டா1 உட்காரும் இடத்தை வெட்டி, மருந்தால் மஜ்ஜையை வெறுமையாக்கிய பிறகு செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் ஸ்டெம் செல்லிலேயே கைவைக்க வேண்டியிருக்கிறது. காஸ்ஜெவி என்ற பெயரில் வந்த இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் பதினெட்டுக் கோடிக்குக் குறையாது. ரத்தம் ஏற்ற வந்து லாட்ஜில் தங்கும் குடும்பத்திடம் இந்த எண்ணைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அதனால்தான் வேலூரில் நடக்கும் வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. பொருந்தும் உறவினர் கிடைத்தால் தலசீமியாவுக்கு அது இன்றும் நல்ல வழி. பாகாயம் வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் காவல்காரனைத் தொடாமல், அவன் நிற்கும் இடத்தைத் திருத்திப் பார்க்கிறது. காமாவின் தொடக்கப் பகுதியில் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றி, எந்த மாற்றம் சிசு ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று தேடிய அவர்களின் ஆய்வு 2022-ல் வெளியானது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டாமல் எழுத்தை மட்டும் மாற்றும் முறை அது. இரண்டு காமா மரபணுக்களும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே எழுத்தோடு இருப்பதால், இரண்டிலும் வெட்டு விழுந்தால் நடுவில் இருப்பது கழன்றுபோகும் ஆபத்து உண்டு. வெட்டாமல் திருத்துவதன் அருமை அங்கே தெரியும்.

இதே ஊரில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்குச் செய்த மரபணுச் சிகிச்சையிலும் செல் வகைதான் விஷயம். ஐந்து பேருக்கு நடந்த அந்தச் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. ரத்தம் உறைய வைக்கும் எட்டாம் காரணிக்கான மரபணுவை ரத்த ஸ்டெம் செல்களில் வைத்தார்கள். அப்படியானால் அந்தச் செல்களிலிருந்து வரும் எல்லா ரத்த அணுக்களிலும் அந்த மரபணு இருக்கும். ஆனால் அதன் முன்னால் அவர்கள் வைத்த தொடக்கப் பகுதி மோனோசைட் வழி வெள்ளணுக்களில் மட்டும் வேலை செய்யக்கூடியது. மற்ற அணுக்களில் மரபணு அநேகமாகச் சும்மா கிடக்கும்.

செல்லை வெளியே எடுக்காமல் மாத்திரையாலேயே காரியத்தை முடிக்க முடியுமா என்ற தேடலும் நடக்கிறது. ஹைட்ராக்சியூரியா என்ற பழைய மலிவான மாத்திரை சிசு ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தும். அரிவாள் செல் நோய்க்கு அதை நம் ஊரிலும் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பலிப்பதில்லை. 2024-ல் வந்த ஆய்வு ஒன்று வேறு வழி காட்டியது. காமாவை அடக்குவதில் விஸ் என்ற இன்னொரு புரதத்துக்கும் பங்குண்டு என்று அதில் கண்டார்கள். வேண்டாத புரதங்களைச் சிதைக்க செல்லுக்குள் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. விஸ்ஸை அந்த ஏற்பாட்டோடு ஒட்டவைக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். சுண்டெலிகளுக்கும் குரங்குகளுக்கும் அதைக் கொடுத்தபோது விஸ் சிதைந்தது, சிசு ஹீமோகுளோபின் ஏறியது.